ஆண்டவருடைய திருநாமமும் நம்முடைய நாவும்



நம் சோழபுரத்துத் தெருவிலே ஒரு நாள் காலை முதல் இரவு வரை காதைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தால், சர்வேசுரனுடைய திருநாமம் எத்தனை விதமாய் நம் காதில் விழும் என்று எண்ணிப் பாருங்கள். பால் அளக்கிறவர், "சாமி சத்தியமாய்த் தண்ணீர் சேர்க்கவில்லை" என்கிறார். இராஜபாளையம் மில் வேலைக்குப் போகிற பஸ்ஸைத் தவறவிட்டவர், "கடவுளே!" என்று சலித்துக்கொள்கிறார். குழாயடியில் வாய்ச்சண்டை முற்றி, "மாதா உன்னைக் கேட்கட்டும்" என்று ஒரு குரல் எழும்புகிறது. இரவில் அதே வீடுகளில் அதே வாய்கள் செபமாலை சொல்லுகின்றன. நாமம் ஒன்றுதான். ஆனால் வணக்கம் ஒன்றா?

இரண்டாம் கற்பனை நம் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனாலும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது முதல் கற்பனையிலிருந்து நேரே மூன்றாம் கற்பனைக்குத் தாவி விடுகிறோம். நடுவிலே ஒன்று இருப்பதே நினைவுக்கு வருவதில்லை. ஆகையால் இந்த வாரம் அதைச் சற்று நின்று பார்ப்போம்.

1. இந்த நாமம் நமக்கு வந்த விதம்

தமிழிலே ஆண்டவரை எந்தச் சொல்லால் அழைப்பது என்பதை நம் ஞானத் தகப்பன்மார் இலேசாகத் தீர்மானிக்கவில்லை. 1578-ஆம் ஆண்டு என்றீக்கே என்றீக்கசு சுவாமியார் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் ஒரு சிறு ஞானோபதேசப் புத்தகம் அச்சிட்டார். அதற்கு 'தம்பிரான் வணக்கம்' என்று பெயர். அப்போது 'தம்பிரான்' என்ற சொல்லே வழங்கிற்று. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தே நோபிலி சுவாமியார், நம் பெரியோரின் மொழியையும் நூல்களையும் கற்று ஆராய்ந்து, 'சர்வேசுரன்' என்ற சொல்லைத் தம் நூல்களில் எடுத்தாண்டார். சர்வத்துக்கும் ஈசுவரன், அதாவது எல்லாவற்றுக்கும் ஆண்டவர் என்பது அதன் பொருள். அவர் 1656-இல் மயிலாப்பூரில் மரித்தார். அந்தச் சொல்லோ முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நம் பாட்டன் பாட்டிமாரின் செபங்களில் வாழ்ந்தது.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தின் பின் பூசை தமிழிலே நடக்கத் தொடங்கிற்று. 1995-இல் வெளிவந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பில் 'கடவுள்' என்றும் 'இயேசு' என்றும் வாசிக்கிறோம். பாட்டி 'சர்வேசுரா' என்கிறாள், பேரன் 'கடவுளே' என்கிறான். இதில் சண்டைக்கு இடமில்லை, கேட்கிறவர் ஒருவரே. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அவரை அழைக்க ஏற்ற சொல்லைத் தேடி அவர்கள் ஆண்டுக்கணக்காய் உழைத்தார்கள். நாமோ அந்தச் சொல்லை ஒரு படிப் பாலுக்கு ஜாமீன் வைக்கிறோம்.

2. நாமத்தின் மேன்மை என்ன?

உங்களைக் கேளாமல் ஒருவன் உங்கள் பெயரைக் கடன் பத்திரத்தில் எழுதிப் பணம் வாங்கினால் சும்மா இருப்பீர்களா? "என் பெயரைக் கெடுத்தான்" என்று பஞ்சாயத்துக்குப் போவீர்கள். பெயர் என்பது வெறும் சத்தமல்ல. அந்த ஆளே அதில் அடங்கியிருக்கிறார். சத்தியம் செய்வது என்பதும் இதுவே: என் வார்த்தைக்குச் சர்வேசுரனைச் சாட்சியாகவும் ஜாமீனாகவும் நிறுத்துகிறேன். வார்த்தை பொய்யானால் அவரைப் பொய்க்கு உடந்தையாக்க முயல்கிறேன். வார்த்தை அற்பமானால் அவரை அற்ப வேலைக்கு ஏவுகிறேன்.

பழைய ஏற்பாட்டு யூதர், மோயீசனுக்கு வெளிப்படுத்தப்பட்ட திருநாமத்தை வாயால் உச்சரிக்கவும் அஞ்சி, அதற்குப் பதிலாக 'ஆண்டவர்' என்றே வாசித்தார்கள். இந்த வழக்கத்தை மதித்து, திருவழிபாட்டுப் பாடல்களிலும் செபங்களிலும் அந்த எபிரேய நாமத்தை உச்சரிக்க வேண்டாம் என்று உரோமையின் திருவழிபாட்டுப் பேராயம் 2008-ஆம் ஆண்டு ஆயர்களுக்கு எழுதிற்று. சேசுநாதர் சுவாமியின் நாமத்தைப் பற்றியோ, 1274-ஆம் ஆண்டு லியோன் நகரத்துப் பொதுச்சங்கம், அது சொல்லப்படும்போது தலை வணங்க வேண்டுமென்று விதித்தது. இன்றைய பூசை ஒழுங்கிலும் அந்த வணக்கம் இருக்கிறது. நம் கோவிலில் எத்தனை தலைகள் வணங்குகின்றன?

3. நாம் தவறுகிற இடங்கள்

வீண் சத்தியம். சத்தியம் எப்போதும் பாவமல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர், கடவுள் பேரால் உண்மை சொல்வதாகப் பிரமாணம் செய்யலாம். 1969-ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டம் அதற்கு இடந்தருகிறது. திருச்சபையும் உண்மை, விவேகம், நீதி என்ற மூன்றும் கூடியிருந்தால் மட்டும் ஆணையிடலாம் என்கிறது. இது எரேமியாஸ் தீர்க்கதரிசி கற்பித்ததே. ஆனால் அன்றாடப் பேச்சிலே ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்றிருக்கச் சேசுநாதர் மலைப்பிரசங்கத்தில் போதித்தார். யார் பேச்சு எப்போதும் உண்மையோ அவருக்குச் சத்தியம் தேவைப்படாது. அடிக்கடி சத்தியம் செய்கிறவரை ஊர் நம்புவதுமில்லை.

பொய்ச் சத்தியம். வரப்பில் ஒரு முழத்துக்காகவும் பாகப்பிரிவினையில் ஒரு அறைக்காகவும் கூடப்பிறந்தவனுக்கு எதிராய்ப் பொய்ப் பிரமாணம் செய்கிறவர்கள் உண்டு. இது கனமான பாவம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டால் மட்டும் தீர்ந்துவிடாது. பொய்யால் அடைந்ததை உரியவருக்குத் திருப்பிக் கொடுக்கக் கடமை உண்டு. தம்பியின் நிலத்தை வைத்துக்கொண்டு நற்கருணைப் பந்திக்கு வருகிறவர் இதை நன்றாய் யோசிக்கட்டும்.

சாபம். மண்ணை வாரித் தூற்றி, "கடவுள் உன் குடும்பத்தை அழிக்கட்டும்" என்று சொல்வது, இரக்கமுள்ள பிதாவை நம் கோபத்துக்குக் கூலியாளாக்குவதாகும். பெற்ற பிள்ளையைச் சபிக்கிற தாய் எத்தனை பேர்! கோபம் ஆறினதும் அவளே அழுகிறாள். ஆனால் பிள்ளையின் மனதில் விழுந்தது ஆறுவதில்லை.

விளையாட்டும் வியாபாரமும். "இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் மாதா புதுமை செய்வாள், அனுப்பாவிட்டால் கேடு வரும்" என்று கைபேசியில் வருகிற செய்திகளை அப்படியே அனுப்புகிறோமே, அது பக்தியா? பயங்காட்டுவதற்குத் திருநாமத்தை உபயோகிப்பது வீணாய்ச் சொல்வதல்லாமல் வேறென்ன? அந்தச் சங்கிலியை உங்கள் கையோடு நிறுத்திவிடுங்கள். கேடு ஒன்றும் வராது.

4. சில சந்தேகங்களும் விடைகளும்

வினா: ஆபத்திலே "சேசுவே, மாதாவே" என்று அலறுவது குற்றமா?
விடை: அல்ல. உதவிக்காகக் கூப்பிடுவது செபம். அதுவே மனவல்லிய செபம். சலிப்பிலும் கோபத்திலும் அர்த்தமின்றிச் சொல்வதுதான் குறை. அந்தப் பழக்கம் உள்ளவர், நாமம் வாயில் வந்தவுடன் "எனக்கு உதவி செய்யும்" என்று சேர்த்துச் சொல்லட்டும். குறையே செபமாய் மாறும்.

வினா: வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாய்ப் பொருத்தனை செய்தேன். இப்போது முழங்கால் வியாதி. என்ன செய்வது?
விடை: பொருத்தனை ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கு; இலேசாய் விடலாகாது. ஆனால் ஆண்டவர் கொடுமைக்காரரல்ல. தகுந்த காரணம் இருந்தால் பங்குச் சுவாமியார் அதினின்று விடுதலை கொடுக்கலாம், அல்லது வேறொரு நற்செயலாக மாற்றித் தரலாம். திருச்சபைச் சட்டம் அதற்கு அவருக்கு அதிகாரம் தருகிறது. பயந்து மறைக்காமல் வந்து கேளுங்கள்.

வினா: அயலார் வணங்குகிற பெயர்களைக் கேலி செய்யலாமா?
விடை: கூடாது. மற்ற மதத்தாரிடமுள்ள உண்மையும் பரிசுத்தமுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று 1965-இல் பொதுச்சங்கம் அறிவித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழிக் குளிரில் விடியுமுன் எழுந்து பாடப் போகிறவர்களைப் பாருங்கள். அவர்களைக் கேலி செய்யுமுன், நாம் எத்தனை மணிக்கு எழுந்து சிலுவை அடையாளம் வரைகிறோம் என்று கேட்டுக்கொள்வோம்.

5. வீடே முதல் பள்ளிக்கூடம்

தகப்பன் கடைக்காரரிடம், "நாளைக்குத் தருகிறேன், சாமி சத்தியமாய்" என்கிறான். மறுநாள் கடைக்காரர் வருகையில், "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்புகிறான். அந்தப் பிள்ளைக்கு ஞானோபதேச வகுப்பில் ஆசிரியர் ஓராண்டு கற்பித்ததை, தகப்பன் ஒரு நிமிஷத்தில் அழித்துவிட்டான்.

ஞானஸ்நானப் பெயரையும் மதியுங்கள். 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் தேதி வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்டப் பிள்ளைக்கு இலாசர் என்ற பெயர் கிடைத்தது. 'ஆண்டவர் உதவி செய்தார்' என்ற அதன் பொருளே தமிழில் 'தேவசகாயம்' ஆயிற்று. அந்தப் பெயரை அவர் சிறையிலும் சித்திரவதையிலும் சுமந்து, 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். 2022 மே 15-ஆம் தேதி பிரான்சிஸ் பாப்பானவர் அவரை அர்ச்சியசிஷ்டராகப் பிரகடனம் செய்தார். அவர் தம் பெயரைப் பொய்யாக்கவில்லை. நம் வீட்டுச் சூசையையும் சவரியையும் மரியம்மாளையும் வசைச்சொல் சேர்த்துக் கூப்பிடும்போது, யாருடைய பெயரைச் சேற்றில் இழுக்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா?

6. தவறினவர்களுக்கு ஆறுதல்

இதையெல்லாம் வாசித்து, "என் வாய் கெட்டுப்போய்விட்டதே" என்று ஒருவர் மனமடிந்தால், அர்ச். இராயப்பரை நினைக்கட்டும். பிரதான குருவின் முற்றத்திலே அவர் ஆணையிட்டு, தம்மைச் சபித்துக்கொண்டு, சேசுநாதரை அறியேன் என்றார். வீண் சத்தியம், பொய்ச் சத்தியம், சாபம் மூன்றும் ஒரே இரவில் அவர் வாயிலிருந்து வந்தன. ஆனால் சேவல் கூவிற்று. அவர் மனங்கசந்து அழுதார். அதே இராயப்பர் பிறகு தேவாலய வாசலில் பிறவிச் சப்பாணியைப் பார்த்து, பொன்னும் வெள்ளியும் தம்மிடம் இல்லையென்று சொல்லி, சேசுவின் நாமத்தினால் அவனை எழுப்பி நடக்கச் செய்தார். மறுதலித்த வாயே குணமாக்கும் வாயாயிற்று. நம் வாய்க்கும் அந்த வழி திறந்திருக்கிறது.

தேவநற்கருணை ஆசீர்வாதத்தின் முடிவில் நாம் சொல்கிற துதிகளும் இதற்காகவே உண்டானவை. தேவதூஷணங்களுக்குப் பரிகாரமாக 1797-இல் லூயிஜி பெலிச்சி என்ற சேசு சபைக் குருவானவர் அவற்றை இயற்றினார். இனி அவற்றைச் சொல்லும்போது நம் வீட்டு வாய்களுக்காகவும் சொல்வோம்.

இந்த வாரத் தீர்மானங்கள்

1. பேச்சில் 'சத்தியமாய்' என்ற சொல்லை இந்த ஏழு நாளும் விட்டுவிடுவேன்.
2. சேசு நாமம் சொல்லப்படும்போது தலை வணங்குவேன், பிள்ளைகளுக்கும் பழக்குவேன்.
3. யாரையாவது சபித்திருந்தால், சனிக்கிழமைக்குள் அந்த வாசலுக்குப் போய்ச் சமாதானம் ஆவேன்.
4. நிறைவேற்றாத பொருத்தனையோ, பொய்யால் வந்த பொருளோ இருந்தால் பங்குச் சுவாமியாரிடம் பேசுவேன்.

நாம் பிறந்த சில நாளில் நம் நெற்றியில் தண்ணீர் வார்த்துச் சொல்லப்பட்டது பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவின் நாமம். நாம் மரிக்கும் வேளையில் நம் காதிலே சொல்லப்படப் போவதும் அந்த நாமமே. இடையிலுள்ள நாட்களில் அது நம் வாயில் அழுக்குப்படாமல் இருக்கச் சர்வேசுரன் நமக்கு வரம் அருள்வாராக.