லீவு போட்டால் வேலை நிற்கக் கூடாது

மாதம் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். கணக்குப் பார்ப்பவர் காய்ச்சலில் கிடக்கிறார். பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். ஓடிபியும் அவர் செல்போனுக்கே போகும். தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம், பாக்கி வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. சிறு நிறுவனங்களில் இது அடிக்கடி நடக்கிறது.

எல்லோருக்கும் எல்லா வேலையும் தெரிய வேண்டியதில்லை. ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வேலைகளை முதலில் எழுதுங்கள். அவற்றில் தேதி தவறினால் அபராதம் விழுபவை எவை? 7-ஆம் தேதி டிடிஎஸ், 11-இல் ஜிஎஸ்டிஆர்-1, 15-இல் பிஎஃப், இஎஸ்ஐ. இவற்றுக்கு உடனே இரண்டாம் ஆள் வேண்டும். போர்ட்டலில் முதலாளியின் எண்ணை முதன்மை எண்ணாகப் பதிந்துவிடுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் வேலை வந்துவிடாது. ஒரு மாதம் பார்க்கட்டும், அடுத்த மாதம் அவரே செய்யட்டும், தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும். செய்முறைக் குறிப்பையும் கற்றுக்கொள்பவரே எழுத வேண்டும். பழகியவர் எழுதினால் 'இது தெரியாதா என்ன' என்று பாதியை விட்டுவிடுவார்.

பெரும்பாலும் திட்டம் படுப்பது கூலி விஷயத்தில்தான். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லரை பேட்லாக் மெஷினில் உட்கார வைத்துப் பாருங்கள். முதல் சில நாட்களுக்குக் கை ஓடாது. பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு அன்றைய வருமானம் அப்படியே குறையும். பிறகு யார் கற்றுக்கொள்ள முன்வருவார்? பழகும் நாட்களுக்கு அவருடைய வழக்கமான சராசரிக் கூலியைக் கொடுங்கள். இரண்டு மெஷினும் ஓட்டத் தெரிந்தவருக்கு நிரந்தரமாகவே கூடுதலாகக் கொடுங்கள். கொடுக்காமல் கூடுதல் வேலை மட்டும் வாங்குவது சுரண்டல்.

'சொல்லிக்கொடுத்துட்டா நம்ம சீட்டு போயிடும்' என்ற பயம் சீனியர்களுக்கு உண்டு. அது நியாயமான பயம். கற்றுக்கொடுத்தவரை ஒருமுறை வெளியே அனுப்பிவிட்டால், அதற்குப் பிறகு அந்த நிறுவனத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கற்றுக்கொடுப்பதைப் பதவி உயர்வுக்கான தகுதியாகவே வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: பில் பதிவதையும் பணம் அனுப்ப ஒப்புதல் தருவதையும் ஒரே ஆளிடம் விடாதீர்கள், ஒரு நாளைக்குக்கூட.

பழகியாயிற்றா என்று சோதிக்க வங்கிகளைப் பார்க்கலாம். முக்கியப் பொறுப்புகளில் உள்ள வங்கி ஊழியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பின்றி, தொடர்ந்து 10 வேலை நாட்களாவது விடுப்பில் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முறைகேட்டைக் கண்டுபிடிக்க வந்த விதிதான். மாற்று ஆள் தயாரா என்பதையும் அது காட்டிவிடும். சிறு அலுவலகத்துக்கு மூன்று நாள் போதும். மகப்பேறு விடுப்பு 26 வாரம் வரை நீளும். ஆனால் மாதக்கணக்கில் முன்பே தெரிந்துவிடும். அதற்குத் தயாராகாமல் இருக்கக் காரணமே இல்லை.

ஆள் லீவில் இருக்கும்போது போன் போடாதீர்கள். தடுமாறிய இடங்களைக் குறித்து வையுங்கள். அவர் திரும்பி வந்ததும் அவற்றைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.