ஹார்டியை மொழிபெயர்க்கத் தொடங்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

தாமஸ் ஹார்டியின் ‘ஃபார் ஃப்ரம் தி மேடிங் க்ரௌட்’ நாவலைத் தமிழில் கொண்டுவர ஆசைப்படுகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். கடினச் சொற்களை அடிக்கோடிட்டு, அகராதி பார்த்துப் பொருளெழுதி மனப்பாடம் செய்கிறாயாமே, அதை மட்டும் நிறுத்திவிடு. விக்டோரியா கால நாவல்களில் நம்மைத் திணறடிக்கும் சொற்களில் பல ஏதோவொரு தொழிலைச் சேர்ந்தவை. அந்த வேலை கண்முன் நடந்தால்தான் சொல் மனதில் நிற்கும்.

இருபத்தோராம் அத்தியாயத்தை எடுத்துக்கொள். பண்ணை நடத்தும் நாயகி பாத்ஷீபாவின் ஆடுகள் வேலியை உடைத்துப் போய் இளம் கிளோவர் புல்லை மேய்ந்துவிடுகின்றன. வயிற்றில் காற்று அடைத்து, உப்பி, ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. காப்பாற்றும் கைப்பக்குவம் அவளுடைய மேய்ப்பனாக இருந்த கேப்ரியல் ஓக் ஒருவனுக்குத்தான் உண்டு. அவனையோ அவள் வேலையைவிட்டு அனுப்பியிருந்தாள். அவன் வந்து, உள்ளே ஈட்டிமுனை செருகிய சிறு குழாயை ஆட்டின் இடப்பக்க விலாவருகே சரியான இடம் பார்த்துக் குத்துகிறான். ஈட்டியை உருவியதும் குழாய் வழியே காற்று பீறிட்டு வெளியேறுகிறது. இடம் தவறினால் ஆடு செத்துப்போகும். இதைப் பதைப்போடு படித்தவளுக்கு அந்தக் கருவியின் பெயர் மறக்குமா? ஆகவே முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாதே. கதை உன்னை இழுத்துக்கொண்டு போகட்டும். 1874இல் ‘கார்ன்ஹில்’ இதழில் மாதந்தோறும் தொடராகப் படித்தவர்களிலும் நகரவாசிகளுக்கு இந்த ஆட்டுத் தொழில் புதிதாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டாம் வாசிப்பில் சொற்களைத் தொழில்வாரியாகப் பிரித்து எழுது: கிடை, களஞ்சியம், வண்டி, தேவாலயம். நாவலில் வரும் டார்செட் வட்டாரப் பேச்சுக்குச் சாதாரண அகராதி போதாது. ஜோசப் ரைட்டின் ஆங்கில வட்டார வழக்கு அகராதி, 1898 முதல் 1905 வரை வெளிவந்தது, ஆறு தொகுதிகள், அதைப் பார். ஹார்டியின் நண்பரும் டார்செட் கவிஞருமான வில்லியம் பார்ன்ஸும் அந்த வழக்குக்குச் சொல்லடைவு தொகுத்திருக்கிறார். பொருளோடு நின்றுவிடாமல் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படி. யார் வாயில் அந்தச் சொல் வருகிறது என்பது அங்கேதான் தெரியும்.

தமிழாக்கும்போது கிடை போடும் கீதாரிகள் யாரிடமாவது போய் உட்கார். ஆட்டுக்கு வயிறு உப்பினால் என்ன சொல்வார்கள், என்ன செய்வார்கள் என்று கேள். புத்தகத் தமிழைவிட அவர்கள் பேச்சு ஓக்குக்குப் பொருந்தும்.

டிக்கன்ஸின் ‘ப்ளீக் ஹவுஸ்’ இப்போது வேண்டாம். அதிலுள்ள சான்சரி நீதிமன்றச் சொற்களுக்கு லண்டன் வழக்கறிஞர் தொழிலையே தனியாகப் படிக்க வேண்டியிருக்கும். ஹார்டியின் நாவலில் அந்த ஆட்டுக் காட்சிக்கு அடுத்த அத்தியாயத்தில், பெருங்களஞ்சியத்தில் ரோமம் கத்தரிக்கிறார்கள். அதை முடித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா