மிருதங்கத்தில் மறைந்திருக்கும் சுரங்கள்

பத்தாம் வகுப்பு மாணவி

திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம் செல்லும் வழியில் உள்ள திருவானைக்காவை நீங்கள் அறிவீர்கள். அங்கேதான் 1888 நவம்பர் 7ஆம் நாள் சர் சி. வி. இராமன் பிறந்தார். ஒளிச் சிதறலுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்ற அவர், அதற்கு முன்பே நமது மிருதங்கத்தை ஆராய்ந்தவர். இதை எனக்குச் சொன்னவர் ஸ்ரீரங்கத்தில் மிருதங்கம் வாசிக்கும் என் தாத்தா.

தம்பூரின் தந்தியை மீட்டினால் ஒரே ஒலி கேட்பதாகத் தோன்றும். உண்மையில் தந்தி முழுதாகவும், இரண்டு, மூன்று, நான்கு பாகங்களாகவும் ஒரே சமயத்தில் அதிர்கிறது. அடிப்படை ஒலி வினாடிக்கு 100 அதிர்வு என்றால் 200, 300, 400, 500 ஆகியவையும் உடன் எழும். இவையே ஹார்மோனிக்ஸ். 200 மேல் ஸட்ஜம். 300 அதற்கும் மேலுள்ள பஞ்சமம். 500 அந்தர காந்தாரம். தனித் தந்தி இல்லாமலே காந்தாரம் தம்பூரில் கேட்பது இதனால்தான். தந்தியின் நடுவில் விரலை இலேசாக வைத்து மீட்டிப் பாருங்கள், மேல் ஸட்ஜம் தெளிவாக வரும்!

தோல் இப்படி அடங்காது. வெறும் தோலைத் தட்டினால் 100, 159, 214, 230 என்று ஒழுங்கின்றி ஒலிகள் எழும். அதில் சுருதி நிற்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ கிட்டான் கல் பொடியையும் சோற்றையும் பிசைந்து, படலம் படலமாகத் தேய்த்துக் கரணை இடுகிறார்கள். நடுவில் ஏறும் இந்தக் கனத்தால் தோலின் அதிர்வுகள் தந்தியைப் போல ஒழுங்குக்கு வருகின்றன. இராமன் 1920இல் சிவகாளி குமாருடன் 'நேச்சர்' இதழில் இதைப்பற்றி எழுதினார். 1934இல் வெளியிட்ட விரிவான கட்டுரையில், தோலின்மேல் மணல் தூவி அது கோடுகளாகச் சேர்வதைக் கண்டு, முதல் ஐந்து ஹார்மோனிக்ஸ் அதில் இருப்பதை விளக்கினார். ஆனால் அவர் பிறக்கும் முன்பே இதைக் காதாலேயே கண்டுபிடித்துவிட்டவர்கள் மிருதங்கம் செய்யும் தொழிலாளிகள்!

ஜோதிடத்திலும் இச்சொல் உண்டு. இங்கிலாந்தில் ஜான் ஆடி என்பவர் 1976இல் இதைப்பற்றி ஒரு நூலே எழுதினார். ராசியின் 30 பாகையை ஒன்பதாக வகுக்கும் நம் நவாம்சம் அவர்கள் கணக்கில் ஒன்பதாவது ஹார்மோனிக். சென்ற தை மாதம் என் சித்திக்கு வந்த வரன், நவாம்சம் சரியில்லை என்று தட்டிப் போயிற்று. ஆகவே இயற்பியல் வகுப்பில் சிஸ்டரிடம் இதைக் கேட்டேன். "தந்தி அதிர்கிறது, தோல் அதிர்கிறது, ஜாதகக் கட்டத்தில் அதிர்வது எது?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

அதே கேள்வியைத் தாத்தாவிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்து, "அது வெறும் வகுத்தல்தான், குழந்தே" என்றார். ஆனாலும் சித்தியின் ஜாதகத்தை இன்னும் பெட்டியில் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார்.