குழு சிகிச்சை: சில ஐயங்களும் விளக்கங்களும்

மன அழுத்தத்திற்குக் குழு சிகிச்சையை நாங்கள் பரிந்துரைக்கும்போது, "வீட்டு விஷயங்களை முன்பின் தெரியாதவர்களிடம் எப்படிச் சொல்வது, டாக்டர்?" என்றே பலரும் கேட்கின்றனர். நியாயமான தயக்கம்தான்.

இம்முறையின் முன்னோடி முயற்சி ஒன்று காசநோய் மருத்துவத்தில் நிகழ்ந்தது. 1905-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்னும் மருத்துவர், சானடோரியத்தில் தங்க வசதியற்ற காசநோயாளிகளை வாரந்தோறும் ஒன்றாகக் கூட்டினார். ஓய்வு, உணவு முதலியவற்றை அவர்கள் அன்றாடம் குறிப்பேட்டில் எழுதி வந்தனர். காசநோய்க்கு உரிய மருந்து கண்டறியப்படாத காலம் அது. ஒருவர் தேறுவதைக் கண்டு மற்றவர் ஊக்கம் பெற்றதே அக்கூட்டங்களின் பெரும்பலன்.

மன அழுத்தம் நீடித்தால் கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் மிகுந்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறக்கூடும். அதோடு பழக்கங்களும் சீர்குலைகின்றன: உறக்கம் தள்ளிப்போகும், நடைப்பயிற்சி நிற்கும், மாத்திரை மறக்கும், புகைபிடிப்பது கூடும். குழு மிகவும் உதவுவது இங்கேதான். மருத்துவரிடம் "குறைத்துவிட்டேன்" என்று சொல்லித் தப்பிவிடலாம்; முன்பு புகைபிடித்து விட்டவரிடம் அது எடுபடாது! சாப்பிட்டவுடன் எழும் அந்த வேட்கை சில நிமிடங்களில் தணிந்துவிடும் என்பதையும், அதுவரை தெருவில் ஒரு நடை போய் வரலாம் என்பதையும் அவர் சொன்னால் மனத்தில் பதிகிறது.

நோயாளியைப் பராமரிப்போருக்கும் இதில் இடமுண்டு. பக்கவாதத்தால் படுத்திருக்கும் கணவர்மீது சில வேளை எரிச்சல் வருவதை வெளியில் சொல்லக் கூசும் ஒருவர், அருகிலிருப்பவர் "எனக்கும் அப்படித்தான்" என்று கூறக் கேட்கும்போது, அந்தக் குற்ற உணர்வு பெரிதும் தணிகிறது. இதை எங்கள் அறிவுரையால் தர இயல்வதில்லை.

பொதுவாக எட்டுப் பேர் வரை, வாரம் ஒருமுறை, ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் அமர்வர். உளவியல் வல்லுநர் ஒருவர் வழிநடத்துவார். அங்குப் பேசியதை வெளியில் பேசுவதில்லை என்று அனைவரும் முதல் நாளே உறுதியளிக்க வேண்டும். பேச விருப்பமில்லையெனில், சில வாரங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். குழுவில் சொல்ல இயலாததை மருத்துவரிடம் தனியே சொல்லலாம்.

தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் குழு கூடும் நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அவர்களுக்கு முதலில் தனிச் சிகிச்சையே தேவை. குழுவிற்கு வரத் தொடங்கியபின் வழக்கமான மருந்துகளைத் தாமாக நிறுத்தலாகாது. உடனிருப்பவருக்குப் பலனளித்த மாத்திரையின் பெயரைக் கேட்டு வாங்கி உண்பதும் கூடாது.