பழைய வட்டு இயக்கியில் ஒரு நுண்ணோக்கி

பழுதடைந்த டிவிடி இயக்கியைப் பலர் குப்பையில் எறிந்துவிடுகின்றனர். ஆனால், அதனுள் நுட்பமான ‘கண்’ ஒன்று இருக்கிறது. லேசர், வில்லை, ஒளியுணரி ஆகியவை அச்சிறிய பாகத்தில் அடங்கியுள்ளன. டிவிடி வட்டில் அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே உள்ள தூரம் 0.74 மைக்ரோமீட்டர் மட்டுமே. அதாவது, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. அத்தடங்களை விலகாமல் பின்தொடரவே இப்பாகம் உருவாக்கப்பட்டது.

இத்திறனைப் பயன்படுத்தி, ஆர்வலர்கள் சிலர் வீட்டிலேயே லேசர் நுண்ணோக்கியைச் செய்துள்ளனர். வில்லை, லேசர் ஒளியை மிகச் சிறிய புள்ளியாகப் பொருளின்மீது குவிக்கிறது. அங்கிருந்து திரும்பும் ஒளியை ஒளியுணரி அளக்கிறது. வில்லையோடு இணைந்த கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைச் சற்றே மாற்றினால், ஒளிப்புள்ளி ஒரு திசையில் நகரும். மற்றொரு திசையில் பொருளை நகர்த்த, இன்னொரு பழைய இயக்கியின் பாகம் உதவுகிறது. கிடைக்கும் அளவுகளைக் கணினி வரிசைப்படுத்திப் படமாக்குகிறது. நீளத்திலும் அகலத்திலும் 256 புள்ளிகள் கொண்ட படத்திற்கு 65,536 முறை அளக்க வேண்டும். ஆகவே, இம்முயற்சிக்குப் பொறுமை மிக அவசியம்.

பொறுமையைவிட முக்கியமானது பாதுகாப்பு. லேசர் ஒளி கண்ணில் பட்டால் விழித்திரை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். குறுவட்டு இயக்கியின் அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குச் சரியாகப் புலப்படாது. அதனால் ஆபத்து இன்னும் அதிகம். எனவே, மாணவர்கள் தகுந்த பாதுகாப்புக் கண்ணாடியும் ஆசிரியரின் மேற்பார்வையும் இன்றி இம்முயற்சியில் இறங்கக்கூடாது. நுண்ணுலகைக் காண விரும்புவோர் முதலில் தம் கண்களைக் காத்துக்கொள்ள வேண்டும்.