ரீசெட் பட்டனில் கை வைக்கும் முன்

போன வருடம் ரவாங்கில் நான் செய்த ஒரு தப்பிலிருந்து இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். எங்கள் கிளையின் கணினி அறையில் எட்டு கணினிகள் உண்டு. எஸ்பிஎம் முடித்த பிள்ளைகளுக்கு யூபியூ விண்ணப்பம் நிரப்ப உதவிக்கொண்டிருந்தோம். மறுநாள் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தங்கச்சி கத்தினாள்: "அண்ணே, லைன் போச்சு!"

போய்ப் பார்த்தேன். ஐந்து கணினிகளில் இணையம் இல்லை, மூன்றில் நன்றாக ஓடுகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு ஊசியை எடுத்து ரவுட்டரின் ரீசெட் ஓட்டையில் பத்து விநாடி அழுத்திப் பிடித்தேன். அவ்வளவுதான், எட்டிலும் இணையம் இல்லை.

அது நாங்களே கடையில் வாங்கிப் போட்ட ரவுட்டர். ரீசெட் செய்தால் உள்ளே இருக்கும் அமைப்பு எல்லாம் அழிந்துவிடும். யூனிபை போன்ற இணைப்புக்கு ரவுட்டரில் பிபிபிஓஇ பயனர்பெயரும் கடவுச்சொல்லும் போட வேண்டும். இணையத்துக்கான விலேன் எண் 500 என்றும் குறிக்க வேண்டும். எண் எனக்குத் தெரியும். கடவுச்சொல் முன்னாள் செயலாளர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் பினாங்கில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், போனை எடுக்கவில்லை. பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்து, எங்கள் கைப்பேசிகளின் ஹாட்ஸ்பாட்டில் விண்ணப்பங்களை முடித்தோம். கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போகும்போது மணி பதினொன்று. அவளுடைய அப்பா வாசலில் மோட்டார் சைக்கிளில் காத்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நம் நாட்டில் மின்சாரம் உற்பத்தியானதற்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவு ரவாங்கில்தான், 1894-இல். லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு ஜெனரேட்டர் வைத்தார்கள். ஆமாம், பத்துமலைக் கோயிலோடும் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலோடும் நாம் பேர் சொல்லும் அதே தம்புசாமி பிள்ளைதான். சுரங்கத் தண்ணீரை இறைக்க மின் பம்புகள். பம்பு நின்றுவிட்டால் அங்கே வேலை செய்தவர் எப்படித் தேடியிருப்பார் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. ஜெனரேட்டர் சுற்றுகிறதா, கம்பியில் மின்சாரம் வருகிறதா, மோட்டார் சுற்றுகிறதா, குழாயில் சேறு அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத்தானே போயிருக்க வேண்டும்? நெட்வொர்க்கிலும் அதே வரிசைதான்.

முதலில் விளக்கைப் பாருங்கள். சுவரில் ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை. ரவுட்டரை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை, நிறுவனத்துக்குப் போன் போடுங்கள். அந்த விளக்கு சரியாக இருந்தால் கேபிளைப் பாருங்கள். ரவுட்டரிலும் கணினியிலும் கேபிள் நுழையும் இடத்தில் சிறு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையா, வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். பெருக்கும்போது துடைப்பம் பட்டுக் கழன்ற கேபிளை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் கணினி. விண்டோஸில் கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று தட்டுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால், கணினி முகவரி கேட்டது, யாரும் கொடுக்கவில்லை என்று அர்த்தம். சரியான முகவரி இருந்தால், அதே திரையில் கேட்வே என்று காட்டும் எண்ணை, அதாவது உங்கள் ரவுட்டரை, பிங் செய்யுங்கள். பதில் வந்தால் 8.8.8.8 என்ற எண்ணைப் பிங் செய்யுங்கள். அதற்கும் பதில் வருகிறது, ஆனால் பெயர் தட்டினால் மட்டும் தளம் திறக்கவில்லை என்றால், சந்தேகம் டிஎன்எஸ் மேல். பெயரை எண்ணாக மாற்றித் தரும் வேலை அதனுடையது.

அன்றைக்கு நான் இதைச் செய்திருந்தால் இரண்டு நிமிடத்தில் விடை தெரிந்திருக்கும். இரவு பதினொன்றரைக்கு அந்த அண்ணன் போன் செய்து கடவுச்சொல் சொன்னார். ரவுட்டர் உயிர் பெற்றது. ஆனாலும் அதே ஐந்து கணினிகள் மக்கர் செய்தன! அப்போதுதான் ஐபிகான்ஃபிக் தட்டினேன். எங்கள் ரவுட்டர் 192.168.1.1. இந்த ஐந்திலும் கேட்வே 192.168.0.1. யார் இந்த 0.1? கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒரு குட்டி ரவுட்டர். மண்டபத்தில் வைஃபை எட்டவில்லை என்று ஒரு தம்பி நல்ல மனதோடு கொண்டுவந்து மாட்டியிருந்தான். அதுவும் டிஎச்சிபி வழியாக முகவரி வழங்கிக்கொண்டிருந்தது. எந்தக் கணினிக்கு அதன் பதில் முந்தி வந்ததோ, அது வெளியே வழியில்லாத பக்கம் போய் நின்றது. மூன்று ஏன் ஓடுகிறது என்று ஐந்து மணிக்கே கேட்டிருக்க வேண்டும். ஓடாததை மட்டும் பார்த்தேன்.

தீர்வு எளிது. குட்டி ரவுட்டரில் டிஎச்சிபியை அணைத்து, அதற்கு 192.168.1 வரிசையில் யாருக்கும் போகாத ஒரு எண்ணைக் கொடுத்து, கேபிளை அதன் லேன் துளையில் செருகினோம். இப்போது அது வெறும் வைஃபை பெட்டி. மண்டபத்திலும் வைஃபை கிடைக்கிறது. அந்தத் தம்பியைத் திட்டவில்லை, கடவுச்சொல்லை எழுதி வைக்காத நாங்கள் அவனைத் திட்ட முடியுமா?

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றன. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. பழுது பார்க்கும் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பி இருந்ததால், ஆட்கள் நேரில் தரவு மையத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவை அழித்துவிட்டார். ஐந்து விதக் காப்பு ஏற்பாடு இருந்தும், அவசரத்தில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக யாரோ முன்பு எடுத்து வைத்த பிரதி ஒன்றால் ஆறு மணி நேரத் தரவு மட்டும் போனது. உங்கள் கிளையில் உறுப்பினர் பட்டியல் பென்டிரைவில் இருக்கிறது என்றால், இன்றைக்கே அதை வேறு கணினியில் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் அது காப்புப் பிரதி இல்லை.

எங்கள் அறையில் இப்போது இருபது காசு நூல் கட்டிய ஒரு நோட்டுப்புத்தகம் ரவுட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. எந்த எண் எந்தப் பெட்டிக்கு, எந்தக் கேபிள் எங்கே போகிறது, யார் என்றைக்கு எதை மாற்றினார்கள், எல்லாம் அதில். ரவுட்டரின் அமைப்பைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி அதன் பக்கத்திலேயே உண்டு, அதையும் எடுத்து வைத்திருக்கிறோம். கடவுச்சொல் மட்டும் நோட்டில் இல்லை. உறையில் போட்டு ஒட்டி, தலைவர் வீட்டிலும் பொருளாளர் வீட்டிலும் ஒவ்வொன்று. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், மாற்றும் முன் எழுது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. என் கையெழுத்துதான்.

இன்னொன்று, சாயங்கால மழை. நம்ம பக்கத்து இடியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது. ஆனால் மின்கம்பி வழியாகவும், கட்டிடத்துக்குக் கட்டிடம் வெளியே இழுத்த லேன் கேபிள் வழியாகவும் மின்னல் உள்ளே வரும். அறையைப் பூட்டும் ஆள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பூட்டட்டும். இடி இடிக்க ஆரம்பித்த பிறகு ஓடிப்போய்ப் பிடுங்காதீர்கள்.