மலையில் இருந்தபடியே புகார் செய்யலாம்

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்காரர் ஒருவர் ஆன்லைனில் வாங்கிய செல்போன் பத்தே நாளில் பழுதானால், நிறுவனம் இருக்கும் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம்.

• பில், வாரன்டி அட்டை, சர்வீஸ் சென்டர் தரும் ரசீது மூன்றையும் பத்திரப்படுத்தவும். பழுதை வீடியோ எடுத்து வைக்கவும்.

• முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கவும்.

• சரியான பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம்.

• செல்போனில் அல்ல, சிக்னல், ரீசார்ஜில் கோளாறு என்றால், சிம் நிறுவனத்தின் புகார் எண் 198. அதிலும் தீராவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை நாடலாம்.

• வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை.